ஆள் பழுது

ஆயுத அறைக்கு வெளியே போட்டிருந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. உட்கார்ந்தவர் உடம்பை ஒரு பக்கமாகவே சாய்த்து வைத்திருக்க வேண்டும். மறந்து நிமிர்ந்தால் டக்கென்று ஆட்டம் கொடுக்கும். காலையிலிருந்து டீச்சர் அதில்தான் உட்கார்ந்திருந்தாள்.

எதிரே இருந்த கம்பி ஜன்னலில் வேலை நடந்துகொண்டிருந்தது. பணவண்டிக் காவலர்கள் வரிசையாக வந்து, கம்பிக்குக் கீழே உள்ள இடைவெளியில் கையை நுழைத்து, ஆளுக்கொரு கைத்துப்பாக்கியும் தோட்டா அடைக்கும் மேகசினும் ஒரு கைப்பிடித் தோட்டாக்களும் வாங்கிக்கொண்டு நகர்ந்தார்கள். வாங்கியவுடன் ஒவ்வொருவனும் மேகசினைக் கவிழ்த்து அதன் அடித்தகட்டைப் பார்த்தான். பார்த்த பிறகே தோட்டாக்களை எண்ணினான்.

"ஏன்டா தேடுறீங்க?" என்றான் வரிசையில் நின்ற ஒருவன். "மாமியார் உள்ள மேசை மேல உக்காந்திருக்கா. இன்னிக்கு அவளுக்கு விசாரணை."

"விசாரணை மாமியாருக்கு இல்ல, மருமகளுக்கு" என்றான் இன்னொருவன். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். டீச்சரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. பூட்ஸ் முனையைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அவள் டீச்சர் இல்லை. இந்த வேலைக்கு வருவதற்கு முன் ஒரு மழலையர் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள். வண்டிக்குள் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிறாள் என்பதற்காக அந்தப் பெயரை வைத்தார்கள். வைத்தவர்கள் அதே தாளைச் சாப்பாட்டுப் பொட்டலத்துக்கு அடியில் விரித்துக்கொள்கிறவர்கள்.

மாமியார் என்பது ஒரு மேகசின். உள்ளே ஸ்பிரிங் தளர்ந்துபோனது. முழுக்க நிரப்பினால் தோட்டாக்களின் கனத்தை அதால் தூக்க முடியாது. முதல் தோட்டா வெடிக்கும். துப்பாக்கியின் மேல்பகுதியான ஸ்லைடு பின்னால் போய் முன்னால் வரும்போது, அடுத்த தோட்டா மேலே எழும்பாமல் மூக்கைக் கீழே குத்தி நின்றுவிடும். நாலு தோட்டா மட்டும் போட்டால் ஒரு குறையும் சொல்ல முடியாது, பதவிசாக நடந்துகொள்ளும். "வீட்ல நாலு பேருக்கு மேல இருந்தா அவளுக்கு ஆகாது" என்று முதலில் சொன்னவன் சுருட்டை என்ற காவலன். தன் மனைவியின் நகப்பூச்சைக் கொண்டுவந்து அடித்தகட்டில் சிவப்புப் புள்ளி வைத்தவனும் அவன்தான்.

இப்போது யாரும் புகார் சொல்வதில்லை. முன்பு ஒருவன் சொன்னான். பரிசோதனை முடியும்வரை அவனுக்குத் துப்பாக்கி கிடையாது என்றார்கள். துப்பாக்கி இல்லாதவனுக்கு வண்டி கிடையாது, வண்டி இல்லாதவனுக்குச் சம்பளம் கிடையாது. பரிசோதனை இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் பழுது எதுவும் இல்லை, காவலரின் கவனக்குறைவு என்று பதில் வந்தது. அவன் பிறகு காய்கறி லாரியில் வேலைக்குப் போனான். அதற்குப் பின் காவலர்கள் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். புள்ளி வந்தவன் அதைப் பின்னால் நிற்பவனுக்குத் தள்ளிவிடுவான்; வரிசையில் கடைசியாக வருகிறவனுக்கு மாமியார். அவன் கழிவறைக்குப் போய், நாலு தோட்டாவை உள்ளே விட்டு மிச்சத்தை எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டி ஏறுவான். அடுத்த நாள் சீக்கிரம் வருவான்.

போன வாரம் டீச்சர் வந்த பேருந்து நடுவழியில் நின்றுவிட்டது. ஓடி வந்தபோது வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஜன்னலுக்குள் இருந்த ஆயுத மெக்கானிக், "மகாராணிக்காக வண்டி நிக்குது" என்று தானே தோட்டாக்களை நெட்டி அடைத்து, மேகசினை நிரப்பித் தள்ளினார். சிவப்புப் புள்ளியை அவள் பார்த்தாள். கழிவறைக்குப் போக நேரமில்லை. வண்டிக்குள் பெட்டிகளுக்கு நடுவே, கேமராவுக்குக் கீழே, மேகசினைப் பிரிக்கவும் முடியாது. வங்கி வாசலில் பெட்டியை இறக்கும்போது இரண்டு பேர் இரும்புக் குழாயோடு வந்தார்கள். ஒரு முறை சுட்டாள். ஒருவன் குனிந்தான். இரண்டாவது முறை விசை செத்துக் கிடந்தது. அவள் ஸ்லைடை இழுத்துப் பிடுங்கிக்கொண்டிருந்த நேரத்தில் டிரைவரின் மண்டை உடைந்தது, பெட்டி போய்விட்டது.

"டீச்சர்" என்று சுருட்டை நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து குனிந்தான். அவனையும் சாட்சியாகக் கூப்பிட்டிருந்தார்கள். அன்று அவனும் அதே வண்டியில் பின்னால் இருந்தான். "உள்ள வாய விட்டுறாதீங்க. உங்க கைதான் காரணம்னு எழுதிட்டாங்கன்னா அவ்வளவுதான், அப்புறம் எந்தக் கம்பெனியும் உங்க கையில துப்பாக்கி தராது. கம்பு புடிச்சிக்கிட்டு ஏதாவது கேட்டுல நிக்க வேண்டியதுதான்."

"அப்ப நீ சொல்லு. புள்ளி வச்சது நீதான?"

"கேட்டா சொல்றேன்."

"கேக்கச் சொல்றேன்."

சுருட்டை தலையைச் சொறிந்துகொண்டு நிமிர்ந்தான்.

உள்ளே கூப்பிட்டார்கள். ஆயுத அறையின் பின்பக்கம் பழைய கார் நிறுத்தும் கூடம். அதன் கோடியில் மணல் மூட்டைகளை அடுக்கி, முன்னால் ஒரு மரப்பலகை நிறுத்தியிருந்தார்கள். மேசையில் மஞ்சள் துணி. துணி மேல் அவள் துப்பாக்கி, சிவப்புப் புள்ளி மேகசின், ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் ஒற்றைத் தோட்டா. அன்று சிக்கிக்கொண்டது அதுதான். போலீஸ்காரர்கள் பிடுங்கி எடுத்து, வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மேனேஜர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவர் பக்கத்தில் வங்கியிலிருந்து வந்த அதிகாரி, காதில் வைக்கக் கொடுத்த பஞ்சை எந்தப் பக்கமாக வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார் பேங்க்லேர்ந்து வந்திருக்காரு" என்றார் மேனேஜர், டீச்சரிடம் இல்லை, பொதுவாக. "ஆயுதம் பழுதா, ஆள் பழுதான்னு அவருக்குத் தெரியணும். ஆயுதம் பழுதுன்னா நம்ம கான்ட்ராக்ட் போச்சு. ஆள் பழுதுன்னா ஆள மாத்தினாப் போதும். ஒளிவுமறைவு ஒண்ணும் இல்ல சார், உங்க முன்னாடியே பாத்துருவோம்."

"சீக்கிரம் முடிஞ்சா நல்லது" என்றார் அதிகாரி.

மெக்கானிக் வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். காவலர்கள் தொட்ட துப்பாக்கியை வெறுங்கையால் தொடமாட்டேன் என்று அவர் சொல்வதுண்டு. நாய்க்கு வைத்த தட்டைப் பார்ப்பதுபோல் துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்தார்.

"சார், இந்த மாதிரி துப்பாக்கி நின்னுபோறதுக்கு நாலே நாலு எடம்தான்" என்று அதிகாரியிடம் தொடங்கினார். "தோட்டா, துப்பாக்கி, மேகசின், கை. தோட்டா கெட்டதுன்னா, அடிச்சும் வெடிக்காது. துப்பாக்கி அழுக்கா இருந்தா எல்லாம் மெதுவாப் போகும். மேகசின் சரியில்லன்னா தோட்டா மேல வராது. கை தொளதொளன்னு இருந்தா, ஸ்லைடு முழுசாப் பின்னால போகாது, பாதியில திரும்பி வந்து சிக்கிக்கும். துப்பாக்கி உதைக்கிறப்ப மணிக்கட்டு சுவரு மாதிரி நிக்கணும். இவங்களுக்கு அது வெண்டைக்காய் மாதிரி வளையும்."

"சிக்கினது எப்படின்னு கேளுங்க சார்" என்றாள் டீச்சர்.

மேனேஜர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அதிகாரி, "எப்படி?" என்றார்.

"தோட்டா மூக்கு கீழ குத்தி நின்னுச்சு. சுட்ட தோட்டாவோட கூடு சுத்தமா வெளிய போய் விழுந்திருச்சு. ரோட்டுலேர்ந்து போலீஸ்தான் எடுத்தாங்க. கை தளந்திருந்தா அந்தக் கூடுதான சார் வாயில நிமிந்து நிக்கும்? போன வருஷம் பயிற்சியில இவரே சொன்னாரு."

மெக்கானிக் பிளாஸ்டிக் உறையைப் பிரித்தார். தோட்டாவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அதன் முனையில் ஒரு பக்கம் நகத்தால் கீறியதுபோல் ஒரு தட்டையான காயம். அதை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். டீச்சர் அவர் முகத்தைப் பார்த்தாள். மூக்கு குத்திய தடத்தை அவர் கண்டுகொண்டுவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. பல்லில் ஏதோ மாட்டிக்கொண்டதுபோல் நாக்கு கன்னத்துக்குள் ஒரு சுற்று வந்தது.

மேகசின்கள் அவர் பொறுப்பு. ஸ்பிரிங் மாற்ற வேண்டும் என்று அவர் கேட்டதும், உங்களுக்கு வேலை இல்லாத நேரத்தில் இப்படித்தான் எதையாவது கேட்பீர்கள் என்று மேனேஜர் சொன்னதும் இதே அறையில் நடந்தது. காவலர்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறார்கள்.

"மொதல்ல தோட்டா" என்றார் மெக்கானிக். காயம்பட்ட அந்தத் தோட்டாவையே கையால் குழலுக்குள் வைத்து ஸ்லைடை மூடி, மணல் மூட்டைக்குச் சுட்டார். அதிகாரி தோளைக் குறுக்கிக்கொண்டார். பலகையில் ஒரு பொத்தல் விழுந்தது.

"தோட்டாவுல கோளாறு இல்ல" என்றார். வெற்றுக்கூட்டை எடுத்து அதிகாரியின் உள்ளங்கையில் வைத்தார். இளஞ்சூடாக இருந்த அதை அதிகாரி ஆர்வமாகப் புரட்டிப் பார்த்தார். காயம்பட்ட முனை மணல் மூட்டைக்குள் போய்விட்டது; அந்தத் தோட்டாவில் பார்க்க இனி ஒன்றும் இல்லை.

டீச்சர் சிரித்தாள். சத்தமில்லாமல், மூக்கு வழியாக.

"என்ன சிரிப்பு?" என்றார் மேனேஜர்.

"கைத்தொழில் நல்லா இருக்கு சார்."

மெக்கானிக் அவள் பக்கம் திரும்பாமல் மேகசினை எடுத்தார். தோட்டாக்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். மூன்றாவதோடு நிறுத்தி, துப்பாக்கிக்குள் தட்டிச் செருகினார்.

"முழுசாப் போடச் சொல்லுங்க" என்றாள் அவள். "அன்னிக்கு முழுசா இருந்துச்சு. நெறச்சுக் குடுத்ததே அவருதான். நெறச்சாத்தான் சார் அது தூக்காது. கொஞ்சமாப் போட்டா நல்லாத்தான் ஓடும்."

"பரிசோதனையில ஒரு தடவைக்கு மூணு தோட்டாதான் அனுமதி. தோட்டா மரத்துல காய்க்கலம்மா" என்றார் மேனேஜர். பிறகுதான் அவள் சொன்னது அவருக்கு உறைத்தது. "நெறச்சாத் தூக்காதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் சுருட்டை நின்ற கதவுப் பக்கம் திரும்பினாள்.

"சொல்லு. எப்படித் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும். அடியில செவப்புப் புள்ளி வச்சிருக்கு பாருங்க. சரியில்லாத மேகசின்னு அடையாளம். சுருட்டையக் கேளுங்க."

மேனேஜர் மேகசினைக் கழற்றித் தரச் சொல்லி வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார். அதிகாரியும் எட்டிப் பார்த்தார். முதல் முறையாக அவர் முகத்தில் ஒரு கேள்வி தெரிந்தது. "என்னப்பா இது?" என்று கதவோரம் நின்ற சுருட்டையைக் கேட்டார்.

சுருட்டை தொப்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். மேனேஜரைப் பார்த்தான், மெக்கானிக்கைப் பார்த்தான், மேகசினைப் பார்த்தான்.

"எனக்கு இதப்பத்தி ஒண்ணும் தெரியாது சார். நகப்பூச்சு மாதிரி இருக்கு. பொம்பளைங்க சமாச்சாரம்."

டீச்சரின் நகங்களில் பூச்சு எதுவும் இல்லை. அதை யாரும் பார்க்கவில்லை.

"சரி, அப்படியே வச்சுக்குவோம்" என்றார் மேனேஜர் நிதானமாக. "மேகசின் சரியில்லன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சும் யார்கிட்டயும் சொல்லாம, அதையே வாங்கிக்கிட்டு, பேங்க் பணத்தோட வண்டி ஏறியிருக்க. அப்படித்தான? நீயே சொல்ற. எது வேணும்னு நீயே முடிவு பண்ணிக்கோ. கை பழுதா, புத்தி பழுதா?"

கூடத்தில் ஒரு காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. மெக்கானிக் மேகசினைத் திரும்பச் செருகி மூன்று தோட்டாவையும் சுட்டார். மூன்றும் சிக்கலில்லாமல் போயின. மறுபடி மூன்று அடைத்துத் துப்பாக்கியை அவளிடம் நீட்டினார். சுடு என்பதுபோல் தாடையை அசைத்தார்.

அவள் கால்களை அகட்டி நின்றாள். மூன்று மாடி ஏறி எரிவாயு உருளை தூக்கும் கை. மணிக்கட்டு அசையவில்லை. மூன்றும் பலகையின் நடுவில், உள்ளங்கையால் மூடிவிடக்கூடிய இடத்தில் விழுந்தன. துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு அதிகாரியைப் பார்த்தாள்.

"பாத்தீங்களா" என்றார் மேனேஜர் அவரிடம். "அதே துப்பாக்கி, அதே மேகசின், அதே தோட்டா. இன்னிக்கு நல்லாப் புடிக்கிற. அன்னிக்கு ஏம்மா புடிக்கல?"

"அன்னிக்கு எதிர்ல மணல் மூட்டை நிக்கல சார்."

"அதான். அதேதான் நானும் சொல்றேன்." அவர் உண்மையிலேயே மகிழ்ந்துபோனார். "எதிர்ல ஆள் வந்தா கை தளந்துருது. சார், அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க."

அதிகாரி காதிலிருந்து பஞ்சை எடுத்தார். எங்கே போடுவது என்று தெரியாமல் வெற்றுக்கூட்டோடு சேர்த்து மேசையில் வைத்தார். "பொதுவா லேடீஸ்க்கு இந்த மாதிரி வேலை கஷ்டம்தான்" என்றார். குரலில் அனுதாபம் இருந்தது.

மெக்கானிக் ஒரு துணியை மண்ணெண்ணெயில் நனைத்தார். துப்பாக்கியைத் துடைத்தார். பிறகு மேகசினைக் கவிழ்த்து, சிவப்புப் புள்ளியைப் பெருவிரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்தார். "கம்பெனி சாமான்ல கண்ட கண்ட அலங்காரம்" என்று முணுமுணுத்தார். துணியில் ஒரு சிவப்புத் தீற்றல் வந்தது. அடித்தகடு புதிதுபோல் மின்னியது. அதை அலமாரித் தட்டில் மற்ற மேகசின்களோடு போட்டார். அது சரிந்து அவற்றுக்கு நடுவே போய்ப் படுத்துக்கொண்டது.

வெளியே வரும்போது சுருட்டை பின்னாலேயே வந்தான். "எனக்கு ரெண்டு புள்ளைங்க டீச்சர்" என்றான்.

"எனக்கு மட்டும் என்ன, பொம்மையா?"

அன்று மாலை அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். டிரைவர் தலைக்கட்டோடு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தூங்கவில்லை, அவள் செருப்புச் சத்தம் கேட்டபோது போர்வைக்குள் கால்விரல்கள் அசைந்து நின்றன. அவர் மனைவி கட்டில் ஓரத்திலிருந்து எழுந்திருக்கவில்லை.

"கம்பெனியிலேர்ந்து வந்து சொல்லிட்டுப் போனாங்க" என்றாள். "உன் கைதான் நடுங்கிருச்சாமே."

"மேகசின் சரியில்லக்கா. அண்ணனுக்கே தெரியும். மாமியார்னு சொல்லுவோம்ல, அண்ணே, சொல்லுங்க."

டிரைவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

"அவரு ஸ்டியரிங் புடிக்கிறவரு. அவருக்கு என்ன தெரியும்?" என்றாள் மனைவி. "ஆஸ்பத்திரி செலவ அவங்கதான் பாத்துக்கிறாங்க. அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். பயமா இருந்தா வீட்டுலயே இருந்திருக்கலாம்ல? ஏன் அடுத்தவன் மண்டைய ஒடைக்கணும்?"

டீச்சர் வாங்கி வந்திருந்த ரொட்டிப் பொட்டலத்தை அலமாரி மேல் வைத்தாள். அந்தப் பெண் அதை எடுத்துத் தரையில் வைத்தாள். மருந்து வைக்கிற இடமாம்.

மறுநாள் மேனேஜர் அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பினால் பேசுவாள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். கம்பெனியின் வெளிக்கதவில் நிற்கச் சொன்னார். சம்பளம் பாதி. "பொம்பளப் புள்ளைய அப்படியே தெருவுல விட மனசு வரல" என்றார். சீருடையின் இடுப்பு வாரிலிருந்து துப்பாக்கி உறையைக் கழற்றி வாங்கிக்கொண்டு, ஒரு கம்பைக் கொடுத்தார்கள். முன்பு நின்றவனுடைய கம்பு. கைப்பிடி அவன் வியர்வையில் கறுத்திருந்தது.

கதவருகே நின்றால் முற்றத்தின் மறுபுறம் கம்பி ஜன்னல் தெரியும். அன்று சுவரில் புதிதாக ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். மேகசினை ஜன்னலுக்கு முன்னாலேயே முழுமையாக நிரப்ப வேண்டும், நிரப்பியவர் நேராக வண்டிக்குப் போக வேண்டும். கழிவறைக் கதவில் பூட்டு தொங்கியது. மெக்கானிக் வெள்ளைக் கையுறையோடு ஜன்னலுக்குள் நின்று ஒவ்வொருவர் விரலையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் வந்தவன் மேகசினைக் கவிழ்த்துப் பார்த்தான். அடுத்தவனும் பார்த்தான். வரிசை நகர நகர, பார்த்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தொடங்கினார்கள். யாருடையதிலும் புள்ளி இல்லை.

"மாமியார் போய்ச் சேந்துட்டாடா" என்றான் ஒருவன்.

"கழிச்சுக் கட்டிட்டாங்க. டீச்சர் புண்ணியம்."

சிரிப்பு வரிசை முழுக்கப் பரவியது. நெஞ்சிலிருந்து எடுத்த சிரிப்பு. ஒருவன் மேகசினுக்கு முத்தம் கொடுத்தான். டக், டக் என்று தோட்டாக்கள் ஏறின. ஒவ்வொருவனாக முழுக்க நிரப்பிக்கொண்டு வண்டிக்குப் போனான்.

கடைசியாகச் சுருட்டை வந்தான். கதவு வழியாக உள்ளே நுழையும்போதே அவளைப் பார்க்காததுபோல் வேகமாக நடந்தான். அவள் கம்பைக் குறுக்கே நீட்டினாள்.

"என்ன டீச்சர், நேரமாச்சு."

"புள்ளியத்தான் அழிச்சாரு. மேகசின் அங்கயேதான் கெடக்கு."

அவனுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. முற்றத்தின் அந்தப் பக்கம் வண்டிகளில் ஏறிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தான்.

"எது?"

"எனக்கு எப்படித் தெரியும்? பொம்பளைங்க சமாச்சாரம் எல்லாம் அழிஞ்சு போச்சே." கம்பை எடுத்துக்கொண்டாள்.

சுருட்டை ஜன்னலுக்குப் போனான். தட்டில் மிச்சம் இருந்த மேகசினை மெக்கானிக் தள்ளினார். அவன் கவிழ்த்துப் பார்த்தான். வெறும் தகடு. முதல் தோட்டாவை உள்ளே வைத்து அழுத்தினான், பெருவிரலை எடுக்காமல் நின்றான்.

"என்ன, நாடி பாக்குறியா? போடு" என்றார் மெக்கானிக்.

அவன் அடுத்ததை அழுத்தினான். ஒவ்வொன்றுக்கும் விரலைச் சற்று நிறுத்தி, கீழே இருப்பது எவ்வளவு வேகமாக எழும்புகிறது என்று கேட்பதுபோல் தலையைச் சாய்த்துக்கொண்டான். மேகசின் நிரம்பியது. வண்டி ஹாரன் அடித்தது.

டீச்சர் கம்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கதவின் இரும்புத் தாழ்ப்பாளை இரண்டு கையாலும் தூக்கித் திறந்தாள். வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக அவளைக் கடந்து தெருவில் இறங்கின. முன்னால் போனவற்றில் இன்னும் சிரிப்புச் சத்தம் கேட்டது. கடைசி வண்டியின் கம்பிவலைக்குப் பின்னால் சுருட்டையின் முகம் தெரிந்தது. ஒரு கை இடுப்பு உறையின் மேல் இருந்தது. பெருவிரல் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது.